மீன் எப்படி இருக்கு?

எங்கள் வீட்டில் மீன் செத்தால் யாரும் அழக் கூடாது. "போச்சா? போவட்டும்" என்று சொல்லி, அதைக் கையெடுத்துக் கும்பிட்டு, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து காப்பி குடிக்க வேண்டும். இது அத்தை போட்ட சட்டம். அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள், அரும்பாவூரில் வாக்கப்பட்டவள். எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு பையில் சின்ன வெங்காயமும் இன்னொரு பையில் பயமும் கொண்டுவருவாள். வெங்காயம் நாலு நாளில் தீர்ந்துவிடும். பயம் அடுத்த தடவை அவள் வரும்வரைக்கும் காணும்.

எனக்கு இப்போது முப்பதை நெருங்குகிறது. பெரம்பலூரில் வேலை, வாடகை வீடு, கூடத்தில் இரண்டு மீன் தொட்டிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். யூடியூப் என்று சொல்லிவிடுவேன். பயத்தில் கற்றுக்கொண்டேன் என்று உண்மையைச் சொன்னால் உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், காப்பி வேறு போட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர் கீழப்பழுவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா அந்த ஊருக்கு டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது, தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடுவது, தொட்டியின் இரும்புப் படியில் ஏறி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் எங்கள் ஊர்த் தண்ணீரில் வெந்நீர் வைத்தால் பாத்திரத்துக்குள் வெள்ளையாக ஓடு கட்டும். அதற்கும் ஊர்க்காரர்கள் அப்பாவைத்தான் பிடிப்பார்கள். "உப்பு பூமிக்குள்ளேர்ந்து வருதுங்க, நானா அள்ளிப் போடுறேன்?" என்பார். ஆனால் தண்ணீர் சுத்தமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, சட்டை பட்டனைக்கூடப் போடாமல் சண்டைக்குக் கிளம்பிவிடுவார். "என் தண்ணி" என்றுதான் சொல்வார். அவர் சட்டையிலும் விரல் இடுக்கிலும் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசனை இருக்கும். மூக்கைச் சுளிக்கவைக்கிற வாசனைதான் அது. எனக்கு அது அப்பா வாசனை, அவ்வளவுதான்.

மீன் தொட்டி வேண்டும் என்று நான் அடம்பிடிக்க ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது. குடிக்கிற தண்ணீருக்கே அல்லாடுகிற ஊரில் மீனுக்குத் தொட்டி ஒரு கேடா என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள். ஒருநாள் அப்பா நெஞ்சு எரிகிறது என்று அரியலூருக்கு டாக்டரைப் பார்க்கப் போனார். சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடித் தொட்டியோடு இறங்கினார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு மீன்கள், நீலக் கூழாங்கல், குமிழி விடுகிற குட்டி மோட்டார். நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார், அந்தச் சந்தோஷத்தில் அப்பா வாங்கிவிட்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அம்மா திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அவள் ஸ்டூலைத் துடைத்து, கூடத்தில் சாமி படத்துக்கு எதிரே போட்டுக் கொடுத்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம்.

முதல் தப்பு தீனியில். மீன் கண்ணாடி பக்கத்தில் வந்து வாயை வாயைத் திறந்தால் அதற்குப் பசி என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? கடையில் கொடுத்த தீனியைப் போட்டேன். அப்புறமும் வாயைத் திறந்தது. பொட்டுக்கடலையை நுணுக்கிப் போட்டேன். அப்புறமும் திறந்தது. இட்லியைப் பிய்த்துப் போட்டேன். ரெண்டு நாளில் தொட்டித் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி ஆகிவிட்டது, வெள்ளி நிறத்தில் இருந்த மீன் ஒன்று வயிறு மேலே தெரிய மிதந்தது. நான் ஊரைக் கூட்டி அழுதேன்.

அன்றைக்கு அத்தை வீட்டில் இருந்தாள். ஓடி வந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கா அழுவுற? அட கூறுகெட்டவளே! இந்த வூட்டுல யாருக்கோ வரவேண்டியத அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்குத்தான் மீன் வளக்குறது."

"யாருக்கு வரவேண்டியது அத்தே?"

 அத்தையின் கண் போன திசையை நான் பார்த்துவிட்டேன். வாசலில் அப்பா செருப்பு மாட்டுவதற்காகக் குனிந்து, பாதியில் நின்று, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பார்வையில் என் நிம்மதி போயிற்று. அதுவரை கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது. சிலிண்டரை அப்பா தூக்குவதில்லை. அம்மா உருட்டிக்கொண்டு வருகிறாள். சட்டைப் பையில் சில்லறைக்குப் பதில் மாத்திரை அட்டை இருக்கிறது. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு ஏதோ ஒன்று வரப்போகிறது, அது எங்கேயோ கிளம்பி வந்துகொண்டே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அது வரும்போது எதிரே நின்று வாங்கிக்கொள்ள எங்களிடம் இன்னும் ஐந்து மீன்கள் இருந்தன. பள்ளிக்கூடம் கிளம்பும்போது தலையை எண்ணிவிட்டுப் போவேன், வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் எண்ணுவேன்.

இப்படி அப்பாவுக்காகக் காவல் நிற்கிற மீனைக் கஞ்சித் தண்ணீரிலா விடுவது? உலகத்திலேயே உசத்தியான தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். உசத்தியான தண்ணீர் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா தொட்டிக்கு மருந்து போடுகிற நாளில் வருகிற தண்ணீர்தான். "இன்னைக்கு மருந்து போட்டுருக்கேன், கண்ணாடி மாதிரி வரும் பாரு" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் வந்ததும் பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரை விளிம்புவரை பிடித்து மீன்களை விட்டேன். தொட்டி அப்படிப் பளபளவென்று என்றைக்கும் இருந்ததில்லை. பெருமை தாங்காமல் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்தபோது மூன்று மீன்கள் மிதந்தன. ஆரஞ்சு மீன் ஒன்றும் கறுப்பு மீன் ஒன்றும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். தொட்டிக்குள்ளிருந்து அப்பா வாசனை வந்தது.

அதைப் பற்றி யோசிக்கக்கூட நேரமில்லாமல் தெருவில் சத்தம் கேட்டது. மேல்தொட்டிக்கு ஏறப் போன அப்பா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தாங்கலாகப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் முகம் முழுக்க வேர்த்து, உதடு வெளுத்துப்போய் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சி!

"மூணா போச்சு? மூணும் சேந்து தாங்கிப் புடிச்சிருக்கு. இல்லன்னா அம்மாம் ஒசரத்துலேர்ந்து என் தம்பி விழுந்துருப்பான். தெய்வம்டி இதெல்லாம்."

அம்மா தொட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். நானும் கும்பிட்டேன். அந்த மூன்றும் யாரையும் தாங்கவில்லை, என் தண்ணீரில் செத்தன என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் மூன்றும் வீண். மூன்று தடவை தப்பிக்க வேண்டிய அப்பாவுக்கு அந்த மூன்றும் கிடையாது. யாரிடம் கேட்பது? சுற்றி வளைத்து அத்தையிடமே கேட்டேன்.

"அத்தே, ஒரு மீன பூன தூக்கிட்டுப் போயிடுச்சுன்னா அது கணக்குல வருமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "அது எப்படி வரும்? வராது. அதுவாச் சாவணும்."

"நாமளே தெரியாம சாவடிச்சுட்டா?"

"அது பாவத்துலல்ல சேரும்! ஏன், பூன ஏதாச்சும் வூட்டுக்குள்ள வருதா?"

"இல்ல அத்தே, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். தீர்ப்பு வந்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் வருவது மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க அரியலூர் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். அவர்கள் உள்ளே இருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வளர்ப்பு மீன் கடைக்கு ஓடி, அந்தக் கடைக்கார அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "பைப்புத் தண்ணிய அப்படியே ஊத்துனியா? அதுல மருந்து இருக்கும்ல, செவுள் வெந்துடும். ரெண்டு நாள் புடிச்சு வெச்சு அப்புறம் ஊத்து. அதுவும் மொத்தமா மாத்தாத, கொஞ்சம் கொஞ்சமா மாத்து" என்றார். இவ்வளவுதான் விஷயம். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரே குடிக்கிற தண்ணீர், அவர் உயிரைக் கொடுத்து ஏறிப்போய் மருந்து கலக்கிய தண்ணீர், அதில் மீன் வெந்துபோயிற்று என்று எப்படிச் சொல்வது?

கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்தேன். அம்மா அதை எடுத்துப் பாத்திரம் கழுவிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் அதற்குப் பிறகு அந்தக் குடத்தை யாரும் தொடவில்லை. தீனி ரெண்டு விரலுக்குள் அடங்குகிற அளவு. அதையும் மீன் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவந்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஓடுவேன். மீன் மேல் ஆசையெல்லாம் அந்த நாட்களில் சுத்தமாக இல்லை. எஞ்சியிருந்த அந்த ரெண்டும் அப்பாவுக்கானவை. அதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் கிடையாது.

நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலில் கொண்டுபோய்ச் சேர்த்து, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிப்பார்களாம். அப்பாவும் அம்மாவும் கிளம்புகிற அன்று காலையில், கூடம் பெருக்கின அத்தை பீரோவுக்கு அடியிலிருந்து விளக்குமாற்றால் கறுப்பு மீனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துள்ளி வெளியே விழுந்திருக்கிறது. எறும்பு மொய்த்திருந்தது.

"போச்சா? போவட்டும், போவட்டும்! கிளம்புற நேரத்துல நல்ல சகுனம்" என்று அத்தை கும்பிட்டாள்.

அப்பா சட்டை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் வந்து நின்றார். ஆரஞ்சு மீன் ஒன்றே ஒன்று அவர் விரலைப் பார்த்துக் கண்ணாடியோரமாக வந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் நானும் அத்தையும் மீனும்தான். சாயங்காலம் அத்தையின் போனுக்கு அழைப்பு வரும். முதலில் அம்மா பேசுவாள், அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். அப்புறம் போன் என்னிடம் வரும், அப்பா பேசுவார்.

"சாப்டியா சாமி?"

"சாப்டேன்ப்பா."

"ஸ்கூலுக்குப் போனியா?"

"போனேன்ப்பா."

"மீன் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா. நல்லாச் சாப்புடுது."

"ம்... சரி சாமி."

தினமும் இதே மூன்று கேள்விதான். மூன்றாவது கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அப்பா நம் மீனை நினைக்கிறார் பார் என்று எனக்கு அழுகையும் பெருமையுமாக வரும். மீனும் நானும் நாள் முழுக்க அவருக்காகத்தானே நின்றுகொண்டிருக்கிறோம்.

அப்போதுதான் மீனுக்கு வந்தது அந்தக் கண்டம். ஒருநாள் காலையில் பார்த்தால் அதன் செதிலிலும் வாலிலும் ரவையைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கல்லில் போய் உடம்பை உரசிக்கொண்டது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள், சடாரென்று பின்னால் நகர்ந்து கும்பிட்டாள்.

"அம்மை போட்டுருக்குடி!"

எங்கள் ஊரில் அம்மை வந்த வீட்டுக்கு என்னென்ன முறை உண்டோ அத்தனையும் அன்றைக்கே எங்கள் வீட்டில் அமலுக்கு வந்தது. வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிக்கக் கூடாது என்று கடுகு டப்பாவைப் பரணில் ஏற்றினாள். மூன்று வேளையும் உப்புச்சப்பில்லாத பருப்பும் மோரும்தான். மீனுக்கு அம்மை வந்ததற்கு மனுஷருக்குப் பத்தியம் என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள், நானே சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்க எனக்குத் தெம்பில்லை. அம்மைக்கு வேப்பிலையும் மஞ்சளும்தானே மருந்து? நான் ஒரு கொத்து வேப்பிலையைத் தொட்டிக்குள் போட்டு, ஒரு கரண்டி மஞ்சள்தூளையும் கரைத்து ஊற்றிவிட்டேன். தண்ணீர் சாம்பார் நிறத்துக்கு வந்தது, மீன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, அன்றைக்கு மருந்துத் தண்ணீரில் செய்ததைப் போலவே வாயைப் பிளந்தது.

ஐயோ என்று கத்திக்கொண்டே கொல்லைக்கு ஓடிக் குடத்துத் தண்ணீரைத் தூக்கி வந்தேன். மஞ்சள் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றி, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வேப்பிலையைப் பொறுக்கி எறிந்தேன். தெருவில் அரியலூருக்குப் போகிற ஆள் ஒருத்தரைப் பிடித்து மீன் கடை அண்ணனிடம் கேட்டுவரச் சொன்னேன். கல் உப்பு போடச் சொன்னாராம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றச் சொன்னாராம். செய்தேன். வயிறு சோற்றுக்குக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் புள்ளி குறைந்திருக்கிறதா என்று மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பேன்.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏன் மருமவளே அதப் போட்டு இம்ச பண்ற? அது போறதுன்னா போவட்டுமே, தடுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரிய மனுஷிக்கு ஈவிரக்கமே இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. போனில் அப்பா கேட்டபோது உடம்பு சரியில்லை என்பதை மட்டும் சொன்னேன். "அப்படியா?" என்றார். அந்தக் குரலில் என்றைக்கும் இல்லாத ஒரு வேகம் இருந்தது. "என்ன பண்ணுது? சாப்புடுதா?" என்று கேட்டார். பாவம், பதறுகிறார் என்று நினைத்தேன். எப்பாடு பட்டாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் கரண்ட் போயிற்று. போனது வரவில்லை. புள்ளியெல்லாம் அநேகமாக உதிர்ந்து தேறி வந்திருந்த மீன், மோட்டார் நின்றதும் மெல்ல மெல்ல மேலே வந்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. குமிழி இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்று எனக்குத் தெரியும். டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி, நுரை வருகிற மாதிரி திரும்ப அதிலேயே ஊற்ற ஆரம்பித்தேன். மொள்ளுவதும் ஊற்றுவதுமாக கை கழன்றுவிடும் போல் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

"விடு மருமவளே. போதும். அதுக்கு நேரம் வந்துடுச்சு, போவட்டும் விடு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வீடு அதிரக் கத்தினேன். "நாளைக்குத்தான் அப்பாவுக்கு ஆபரேஷன்! இது இன்னைக்கே செத்துப்போச்சுன்னா நாளைக்கு யாரு இருக்கா? நாளைக்கு வர்றத யாரு வாங்கிக்குவா? சொல்லு!"

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். அவள் போட்ட சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவள் அதுவரை யோசித்ததில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் அப்பியிருந்தது. அப்புறம் அடுக்களைக்குள் போய் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் மொண்டு ஊற்ற, அவள் மொண்டு ஊற்ற, ரெண்டு டம்ளரும் மாறி மாறிப் போய்வந்தன. அத்தை அழுதுகொண்டே ஊற்றினாள்.

கரண்ட் வந்தது. மோட்டார் விர்ரென்றது. மீன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, வாலை ஒருமுறை ஆட்டி, நேராக நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லைக் கொத்தப் போயிற்று. போன் அடித்ததும் அத்தை கைக்குப் போவதற்குள் நானே பறித்தேன். நல்லவேளையாக அப்பாவே பேசினார்.

"மீன் எப்படி இருக்கு?" அன்றைக்கு முதல் கேள்வியே அதுதான்.

"பொழச்சிடுச்சுப்பா!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. வார்டில் யாரோ இருமுவது கேட்டது. ஒரு தட்டு கீழே விழுந்தது.

"அப்பா? கேக்குதா? மீன் பொழச்சிடுச்சுப்பா. சாவக் கெடந்துச்சு. நான்தான் காப்பாத்துனேன்."

இன்னும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. டவர் கிடைக்கவில்லையோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கேக்குது சாமி" என்றார் அப்பா. "நல்ல வேல செஞ்ச. நல்லாப் பாத்துக்க, என்ன?" அப்புறம் போன் அம்மா கைக்குப் போய்விட்டது.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மீன் நீந்தினால், வந்துகொண்டிருப்பதை இது இன்னும் வாங்கவில்லையே என்று பயம். கொஞ்சம் அசையாமல் நின்றால், வந்துவிட்டதோ என்று பயம். இருக்கட்டும் என்று வேண்டுவதா, போகட்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல், "அப்பா, அப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை சாமி படத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் கும்பிட்டாள். வெயில் சாய்ந்த பிறகு அம்மாவிடமிருந்து போன் வந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது, கண் திறந்தார் என்று சொல்லிவிட்டு அம்மா ஓவென்று அழுதாள். அத்தை அந்த நிமிஷமே பரணிலிருந்து கடுகு டப்பாவை இறக்கினாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்வார். வந்ததும் நாற்காலியைத் தொட்டி முன்னால் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஆரஞ்சு மீன் அவர் விரலைத் தேடிக் கண்ணாடியோரம் வந்தது.

"நீயும் இருக்கியா?" என்று அதைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது என்று தலையணையை அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என்ன சிரிப்பு என்று தெரியாமலே சிரித்தேன்.

அதற்குப் பிறகு அப்பா படி ஏறவில்லை. கீழே நின்று வால்வு திறந்துவிடுவதோடு சரி. மீன் என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது, பெரிய தொட்டிக்கு மாறியது. மருந்துத் தண்ணீரை ரெண்டு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும் என்பதை ஒருநாள் அப்பாவிடம் சொல்லியேவிட்டேன். "என் தண்ணிக்கு அம்மாம் வீரியமா!" என்று அவர் பெருமைப்பட்டாரே தவிர வருத்தப்படவில்லை.

போன பொங்கலுக்கு அத்தை பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். வழக்கம்போல வெங்காயப் பை. தொட்டிகளைப் பார்த்துவிட்டு அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"தொட்டி வாங்கி வைடான்னு சொன்னதே நாந்தான். டாக்டர் ஆபரேசன் பண்ண வேண்டி வரலாம்னு சொன்னதும் அரியலூரு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து போன் பண்ணி அழுதான் உங்கப்பன். மீன வாங்கி வை, ஒன்னொன்னாப் போவப் போவ ஒனக்கு வர்றதும் போயிடும்னேன். அதான் தெனம் உங்கிட்ட கேப்பான், மீன் எப்படி இருக்கு, மீன் எப்படி இருக்குன்னு. கடேசி மீனும் போயிட்டா தைரியமா உள்ள போலாம்னு இருந்தான். நீ என்னடான்னா தெனம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்த!"

சொல்லிவிட்டு அத்தை பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய், பால் பொங்கி வழிகிறவரை நின்றேன். அன்றைக்கு நான் பொழச்சிடுச்சுப்பா என்று குதித்தபோது போனில் சத்தமில்லாமல் போனது டவர் கிடைக்காததால் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மறுநாள் தன் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்த ஒரு மனுஷன், தனக்குப் பதிலாகப் போக வேண்டியது போகவில்லை என்று கேட்டுவிட்டு, அதைக் காப்பாற்றியவளிடம் நல்ல வேலை செய்தாய் என்று சொல்வதற்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது.